பழைய படகின் பில்ஜும் மின்பிணைப்பும்

பில்ஜ் என்பது படகின் உட்புறத்தில், தளப் பலகைகளுக்குக் கீழே அமைந்துள்ள மிகத் தாழ்வான பகுதியாகும். கசியும் கடல்நீர், மழைநீர், இயந்திர எண்ணெய் அனைத்தும் இறுதியில் இங்கேயே சேர்கின்றன. கடல்நீரை உள்ளே கொண்டுவரும் குழாய்ப் பொருத்திகளும் வால்வுகளும் பெரும்பாலும் இப்பகுதியில்தான் உள்ளன. இவ்வுலோகப் பாகங்களைச் செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைப்பது மின்பிணைப்பு எனப்படும். நீர்மட்டத்துக்குக் கீழுள்ள ஒரு பொருத்தி அரித்து உடைந்தால், துறையில் கட்டியிருக்கும் படகும் மூழ்கிவிடும். எனவே பழைய படகைப் புதுப்பிக்கும்போது இவ்விரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

அரிப்பு நிகழும் விதம்

துத்தநாகத் தகட்டையும் செப்புத் தகட்டையும் உப்புநீரில் வைத்துக் கம்பியால் இணைத்தால் மின்னோட்டம் பாயும், துத்தநாகம் கரையும். கடலில் நிற்கும் படகிலும் இதுவே நிகழ்கிறது. அதனால்தான் படகின் வெளிப்புறத்தில் துத்தநாகக் கட்டி ஒன்றைப் பொருத்துகிறார்கள். அது தான் கரைந்து மற்ற உலோகங்களைக் காக்கிறது. ஆனால், தன்னுடன் மின்தொடர்பு உள்ள உலோகத்தை மட்டுமே அதனால் காக்க முடியும்.

இது பழைய பாடம். பிரித்தானியக் கடற்படை 1761இல் 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதியைச் செப்புத் தகட்டால் மூடியது. சில ஆண்டுகளுக்குள், செம்பைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போயின. 1824இல் ஹம்ப்ரி டேவி, செம்புடன் இரும்பு அல்லது துத்தநாகத் துண்டை இணைத்தால் செம்பு கரையாது என்று காட்டினார்.

புதுப்பிக்கும் முறை

1. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பில்ஜில் தேங்கித் தீப்பற்றக்கூடும். முதலில் நன்கு காற்றோட்டம் தந்து, பிறகு பேட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.
2. எண்ணெயை உறிஞ்சும் துணியால் எடுக்க வேண்டும். கடலுக்குள் இறைத்துவிடக் கூடாது. பின்னர் கழுவி உலர்த்த வேண்டும்.
3. பித்தளைப் பொருத்தி இளஞ்சிவப்பாக மாறியிருந்தால், அதிலுள்ள துத்தநாகம் கரைந்து வலுவிழந்துவிட்டது என்று பொருள். அதை நீக்கி வெண்கலப் பொருத்தி அமைக்க வேண்டும்.
4. பச்சைக் களிம்பேறிய கம்பிகளை அகற்றி, வெள்ளீயம் பூசிய பல்லிழைச் செப்புக் கம்பியைப் போட வேண்டும். இணைக்கும் இடத்தில் உலோகம் பளிச்சிடும்வரை தேய்க்க வேண்டும். கம்பி, பில்ஜ் நீர் எட்டாத உயரத்தில் செல்ல வேண்டும்.
5. துத்தநாகக் கட்டிக்கும் ஒவ்வொரு பொருத்திக்கும் இடையிலான மின்தடையை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். 1 ஓமுக்கு மேல் காட்டினால் அவ்விணைப்பு பழுதானது.

கசிவு மின்னோட்டம்

பில்ஜ் பம்பின் மிதவை சுவிட்சுக்குச் செல்லும் கம்பி இணைப்பு நீரில் மூழ்கினால், பேட்டரி மின்சாரம் நீரில் கசியும். இயல்பான அரிப்புக்கு ஆண்டுகள் பிடிக்கும். இக்கசிவோ சில நாட்களிலேயே ஒரு பொருத்தியை அழித்துவிடக்கூடும். ஆகவே இவ்விணைப்புகளை உயரத்தில் வைத்து, நீர் புகாதபடி மூட வேண்டும்.

மரப்படகுக்குத் தனிக் கவனம்

கண்ணாடியிழைப் படகுக்குப் பொருந்துவது மரப்படகுக்கு அப்படியே பொருந்தாது. துத்தநாகம் அளவுக்கு மிஞ்சினால், பாதுகாக்கப்படும் உலோகத்தைச் சுற்றிக் காரம் உண்டாகும். அது மரத்தை மென்மையாக்கிச் சிதைக்கும். உலோகம் புதிதுபோல் இருக்க, அதைப் பிடித்திருக்கும் பலகை உளுத்துவிடும். எனவே மரப்படகில் தனித்து நிற்கும் நல்ல வெண்கலப் பொருத்திகளைப் பிணைக்காமல் விடுவதும் உண்டு.

பராமரிப்பு

துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அதன்மேல் வண்ணம் பூசக் கூடாது. பல மாதங்கள் கடலில் இருந்தும் கட்டி சற்றும் கரையவில்லை என்றால் மகிழ வேண்டியதில்லை. பெரும்பாலும் எங்கோ இணைப்பு அறுந்திருக்கும். அதற்குப் பதிலாக வேறோர் உலோகம் கரைந்துகொண்டிருக்கும்.