நாலு வருஷ பட்டாளம், 11.71 லட்சம், அப்புறம்?

இன்னைக்கு எபிசோட் அக்னிபத் பத்தி. ஆதரவா, எதிர்ப்பாங்கிற பட்டிமன்றம் இல்ல. பட்டாளத்துல பழகின ஒருத்தர் வெளிய வந்து சொந்தத் தொழில் பண்ண என்னென்ன வேணும்? இதுதான் கேள்வி.

முதல்ல டிம் கேன். அமெரிக்க விமானப்படையில உளவுப்பிரிவு அதிகாரியா இருந்து, பிறகு பொருளாதார நிபுணர் ஆனவர். 2011-ல ‘அட்லாண்டிக்’ இதழ்ல ஒரு கட்டுரை, 2012-ல ‘பிளீடிங் டேலண்ட்’னு ஒரு புத்தகம் எழுதினார். வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில படிச்ச 250 பேர்கிட்ட சர்வே எடுத்தார். சிறந்த அதிகாரிகள்ல பாதியோ அதுக்கு மேலயோ சீக்கிரமே வேலையை விட்டுட்டுப் போறாங்கன்னு 93 சதவீதம் பேர் சொன்னாங்க. முக்கியமான காரணம் சம்பளம் இல்ல. தன் வேலை தன் கையில இல்லைங்கிற வெறுப்பு. ஒரே வருஷம் சேர்ந்தவங்க ஏறக்குறைய ஒண்ணா பதவி உயர்வு வாங்குவாங்க. யார் எங்க போகணும்னு தலைமை அலுவலகம் முடிவு பண்ணும்.

போடி ஏலக்காய் ஏலத்தை நினைச்சுப் பாருங்க. லாட் லாட்டா வருது. வியாபாரி மாதிரியைக் கையில எடுத்து நிறம், பருமன் பார்த்து விலை கேட்கிறார். ஒவ்வொரு லாட்டுக்கும் தனி விலை. ‘போன மாசம் பறிச்ச காய் எல்லாத்துக்கும் ஒரே விலை, யாருக்குப் போகணும்னு டெல்லியில சொல்வாங்க’ன்னா போடியில சிரிப்பாங்க. கேன் சொல்றதும் இதுதான்: திறமையை ஒரே மூட்டையில கட்டாதீங்க. தளபதி காலியிடத்தை அறிவிக்கட்டும், அதிகாரி விண்ணப்பிக்கட்டும், வெளிய போனவங்க திரும்பி வரவும் வழி இருக்கட்டும். 2019-ல அமெரிக்கத் தரைப்படை அதிகாரிகளுக்கு இந்த மாதிரி ஒரு ஆன்லைன் சந்தையைக் கொண்டுவந்தது. நம்ம ஐடி கம்பெனியோட இன்டர்னல் ஜாப் போஸ்டிங் மாதிரின்னு வெச்சுக்கலாம்.

இப்ப நம்ம நாட்டுக்கு வருவோம். அக்னிபத் 2022 ஜூன் 14 அன்னைக்கு அறிவிக்கப்பட்டது. நாலு வருஷ வேலை. முடிவுல அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் நிரந்தரம். முதல் வருஷச் சம்பளம் மாசம் 30,000 ரூபாய், அதுல 30 சதவீதம் சேவா நிதிக்குப் போகும். அரசும் அதே அளவு போடும். கடைசியில வட்டியோட சுமார் 11.71 லட்சம், வரி இல்லாம. பென்ஷன் கிடையாது.

கேன் கவலைப்பட்டது, தாங்களா விட்டுட்டுப் போற அதிகாரிகளைப் பத்தி. இங்க வெளிய வர்ற 75 சதவீதத்துல பலர் இருக்க ஆசைப்படுற ஜவான்கள். ‘ஒழுக்கம் கத்துக்கிட்டான், கையில காசு இருக்கு, தொழில் பண்ணட்டும்’னு சுலபமா சொல்லிடலாம். ஆனா தொழில்முனைவு விரும்பி இறங்குறப்பதான் ஓடும், தள்ளிவிட்டா தடுமாறும்.

கணக்கே போட்டுப் பார்ப்போம். போடிமெட்டு அடிவாரத்துல ஒரு பையன் ஏலக்காய் வியாபாரத்துல இறங்குறான். 2019-ல ஏலத்துல உச்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலைக்கு 11.71 லட்சத்துக்கு 170 கிலோகூட வராது. அப்புறம் 2021 வாக்குல சராசரி விலை 1,000-க்குக் கீழ இறங்கிடுச்சு. உச்சத்துல வாங்கி வெச்சிருந்தா நாலு வருஷச் சேமிப்புல ரெண்டு லட்சம்கூட மிஞ்சாது. அதனால முதல் தேவை, ஒரு அடி விழுந்தா தாங்குற கடன் வசதி.

தமிழ்நாட்டுல அதுக்கு ஒரு கதவு இருக்கு. ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம் முன்னாள் படைவீரர்களுக்கு 1 கோடி வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம்னு வடிவமைக்கப்பட்டது. சிக்கல் எங்கன்னா, அக்னிபத் விதிப்படி அக்னிவீரருக்கு ‘முன்னாள் படைவீரர்’ங்கிற தகுதியே கிடையாது. தொழில் தொடங்க உதவி ரொம்பத் தேவைப்படுறவர்கிட்ட, உதவியைத் திறக்கிற சாவியே இல்ல.

கடற்படையோட முதல் அக்னிவீரர்கள் 2022 நவம்பர்ல ஐஎன்எஸ் சில்காவுல சேர்ந்தாங்க. அவங்களுக்கு நாலு வருஷம்னா 2026 நவம்பர். அதனால மாநிலத் திட்டங்கள்ல ‘அக்னிவீரர்களும்’னு ஒரு வார்த்தை தெளிவா இருக்கணும். வேலை முடியுறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே கணக்கு, ஜிஎஸ்டி, கடன் பத்திச் சொல்லிக்கொடுக்கணும். தொழில் சரியா வரலைன்னா திரும்பிப் படைக்கு வர ஒரு வழியும் வேணும். கேன் எழுதினதுல நமக்கு ரொம்பப் பொருந்துறது அந்தக் கடைசி விஷயம்தான்.

உங்க தெருவுல யாராவது ஆள்சேர்ப்பு முகாமுக்குத் தயாராகிட்டிருந்தா, இதை அனுப்புங்க. சேர்றதுக்கு முன்னாடி அஞ்சாவது வருஷத்தைப் பத்தியும் வீட்டுல உட்கார்ந்து பேசட்டும். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.