கொக்கு செத்தால் நமக்கென்ன?



எங்கள் லயங்களில் பல குடும்பங்களுக்கு வன்னியிலும் சொந்தக்காரர் உண்டு. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து போனவர்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கங்களில் காடு வெட்டிக் குடியேறினார்கள். பள்ளி விடுமுறைக்கு அங்கே போய் வருகிற பிள்ளைகள் குளத்தைப் பற்றியும், வயலில் இறங்கும் வெள்ளைக் கொக்குகளைப் பற்றியும் கதை கதையாகச் சொல்வார்கள்.

அப்படிப் போய் வந்த ஒரு பிள்ளை, "மாமா வயலுக்கு மருந்தடிச்ச மறுநாள் வரம்புல ரெண்டு கொக்கு செத்துக் கெடந்திச்சு" என்று சொன்னால் நாங்கள் என்ன சொல்வோம்? "கொக்குதானே, செத்தா நமக்கென்ன?" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். அந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் கண்டறிந்த பதிலை இங்கே பார்ப்போம்.

ஒரே தண்ணீர்

வன்னியில் கனகராயன் ஆறு என்று ஓர் ஆறு உண்டு. வவுனியாப் பக்கம் தொடங்கி வடக்கு நோக்கி ஓடி, கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தை நிரப்புகிறது. குளத்துத் தண்ணீர் வயல்களுக்குப் பாய்கிறது. மிச்சம் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் போய் விழுகிறது. சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். 2015இல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. பனிக்காலத்தில் தூர தேசத்துப் பறவைகளும் வந்து தங்கும்.

ஆகவே, மேலே ஒரு வயலில் அடிக்கிற மருந்து மழையில் கழுவுப்பட்டால், அது வாய்க்கால், குளம், கடல்நீரேரி என்று ஒவ்வொன்றாக இறங்கும். அந்தக் குளத்து மீனை நாரையும் தின்னும், மனிதரும் தின்பர். எங்கள் தோட்டத்திலும் கணக்கு இதுதான். மேல் மலையில் அடித்த மருந்து கானில் இறங்கி, ஓடையில் கலந்து, கீழ் டிவிசன் பீலிக்கு வர எத்தனை நேரம் செல்லும்?

கொஞ்சம் எப்படி அதிகமாகிறது?

"அவ்வளவு தண்ணியில கொஞ்ச மருந்து என்ன செய்யும்?" என்று கேட்கலாம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் கிளியர் லேக் என்ற ஏரியில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே சின்னப் பூச்சிகளின் தொல்லை தாங்காமல் 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் ஏரியில் மருந்து கலந்தார்கள். அது டி.டி.ரி. மருந்தின் இனத்தைச் சேர்ந்தது. பிந்திய இரண்டு முறையும் ஐந்து கோடி பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு மருந்துதான் போட்டார்கள். அது ஒன்றும் செய்யாது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் 1954இல் நூற்றுக்கும் மேற்பட்ட முக்குளிப்பான் பறவைகள் அந்த ஏரியில் செத்துக் கிடந்தன. பிறகு அங்கே நோயுற்ற பறவைகளின் கொழுப்பைச் சோதித்தபோது, பத்து இலட்சத்தில் 1,600 பங்கு மருந்து இருக்கக் கண்டார்கள். அதாவது ஏரித் தண்ணீரில் போட்டதைவிட 80,000 மடங்கு! முன்பு ஆயிரம் சோடிக்கு மேல் கூடு கட்டிய ஏரியில் 1960இல் சுமார் 30 சோடிதான் மிஞ்சியது.

இது எப்படி நடந்தது? தண்ணீரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத பாசியும் நுண்ணுயிர்களும் மருந்தைக் கொஞ்சம் எடுத்தன. அவற்றைத் தின்ற சின்ன மீனில் அது சேர்ந்தது. சின்ன மீனைத் தின்ற பெரிய மீனில் இன்னும் கூடியது. மீனைத் தின்ற பறவையில் எல்லாம் வந்து குவிந்தது. இந்த வகை மருந்து சிறுநீரோடு சுலபமாக வெளியே போகாது, கொழுப்பில் தங்கிவிடும். ஒவ்வொரு நாளும் ஒரு கைப்பிடி அரிசியைப் பானையில் போட்டு, எடுக்காமலே விட்டால் பானை நிரம்புமல்லவா? அது போலத்தான். மீன் தின்னும் மனிதனும் இந்தச் சங்கிலியின் மேல் முனையில்தான் இருக்கிறான்.

உடைந்த முட்டைகள்

சாகாத பறவைக்கும் கேடு உண்டு. இங்கிலாந்தில் டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆராய்ச்சியாளர், வல்லூறுகளின் முட்டைகள் கூட்டிலேயே உடைவதைக் கவனித்தார். பழைய காலத்தில் சேகரித்து வைத்திருந்த முட்டைகளையும் புதிய முட்டைகளையும் அளந்தும் நிறுத்தும் பார்த்தார். 1940களின் பிற்பகுதிக்குப் பிறகு, அதாவது டி.டி.ரி. பரவலாகப் பாவனைக்கு வந்த பிறகு, முட்டை ஓடு மெல்லிசாகிவிட்டது தெரிந்தது. இதை அவர் 1967இல் வெளியிட்டார். அந்த மருந்தின் மிச்சம் முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து சேரவிடாமல் தடுக்கிறது. தாய் அடைகாக்க உட்கார்ந்தால் ஓடு நொறுங்கும்.

டி.டி.ரி. எங்கள் நாட்டிலும் பாவித்த மருந்துதான். மலேரியாவுக்காக வீட்டுச் சுவர்களில் அடித்தார்கள். அதனால் நன்மையும் கிடைத்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்குத்தான் மலேரியா கண்டது. பிறகு நோய் மறுபடி தலைதூக்கியது. 1970களில் டி.டி.ரி.யை நிறுத்தி வேறு மருந்துக்கு மாறினார்கள். பல வருடப் பாடுபட்டு, 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மருந்தே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எந்த மருந்து, எவ்வளவு, எங்கே என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறோம்.

பறவைக்கும் மனிதனுக்கும் ஒரே நரம்பு

டி.டி.ரி.க்குப் பின் வந்த பல மருந்துகள் சீக்கிரம் அழிந்துவிடும். ஆனால் அவற்றில் சில உடனே கொல்லக்கூடியவை. மோனோகுரோட்டபொஸ் என்பது அப்படி ஒன்று. 1995-96 பருவத்தில் ஆர்ஜென்டினாவில் வெட்டுக்கிளிக்கு அதை அடித்தார்கள். வெட்டுக்கிளி தின்ன வந்த பருந்துகள் ஐயாயிரத்துக்கு மேல் வயல்களில் செத்துக் கிடக்கக் கண்டார்கள்.

அதே மருந்து எங்கள் நாட்டிலும் விற்பனையில் இருந்தது. அதைக் குடித்து உயிர்விட்டவர்கள் பலர். 1995இல் இங்கே தடை செய்யப்பட்டது. பருந்தைக் கொன்றதும் மனிதரைக் கொன்றதும் ஒரே விதமாகத்தான். நரம்பு வேலை செய்வதற்கு உடம்பில் கோலினெஸ்டரேஸ் என்று ஒரு பொருள் வேண்டும். இந்த மருந்துகள் அதை முடக்கிவிடும். அந்தப் பொருள் பறவைக்கும் உண்டு, எங்களுக்கும் உண்டு. செத்த பறவையின் மூளையில் அதன் அளவைப் பார்த்துத்தான் விஞ்ஞானிகள் காரணத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். மருந்தடிக்கிற ஆளின் இரத்தத்தில் அதே அளவைப் பார்த்துத்தான் அவருக்கு விஷம் ஏறியிருக்கிறதா என்று வைத்தியர்கள் அறிகிறார்கள்.

கொக்கின் உடம்பு சின்னது. கொஞ்ச விஷமே அதற்குப் போதும். ஆகவே முதலில் விழுவது கொக்கு. அதே வயலில் வெறுங்காலோடு நிற்கிற மாமாவும், அதே வாய்க்காலில் குளிக்கிற பிள்ளையும் அடுத்து நிற்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

நாங்கள் செய்யக் கூடியவை

1. மருந்தடித்த டேங்கியை ஓடையிலோ பீலியிலோ குளத்திலோ கழுவ வேண்டாம். கழுவிய தண்ணீரை மறுபடி டேங்கியிலேயே ஊற்றி, அடிக்க வேண்டிய இடத்திலேயே அடித்து முடியுங்கள்.

2. காலி மருந்துக் கேனில் குடிதண்ணீரோ மண்ணெண்ணெயோ வைக்க வேண்டாம். மூன்று தரம் அலசி, ஓட்டை போட்டு ஒப்படையுங்கள்.

3. காற்று வீசும்போதும் மழை வரும்போதும் அடிக்க வேண்டாம். கலக்கும் அளவைப் போத்தலில் எழுதியிருக்கிறபடி வைத்துக்கொள்ளுங்கள். "ரெண்டு மூடி கூடப் போட்டா நல்லாக் கேக்கும்" என்பது தப்பு.

4. செத்துக் கிடக்கும் பறவையையோ மிதக்கும் மீனையோ சமைக்க வேண்டாம். நாய், கோழிக்கும் போட வேண்டாம். வெறுங்கையால் தொடவும் வேண்டாம்.

5. ஒரே இடத்தில் பல பறவைகளோ மீன்களோ செத்துக் கிடந்தால், தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தருக்கும், வன்னியில் கமநல சேவை நிலையத்துக்கும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் உடனே அறிவியுங்கள். அந்தத் தண்ணீரைப் பிள்ளைகள் பாவிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. மருந்தடித்தவருக்குத் தலைசுற்றல், வாந்தி, அதிக வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், கண் மங்கல் கண்டால் வீட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மருந்துப் போத்தலையும் கூடவே எடுத்துப் போங்கள்.

இந்தப் பத்திரிகையைப் படித்து முடித்ததும், வன்னியில் இருக்கிற அண்ணன், தம்பி, மாமன் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அங்கே போகிற பிள்ளை திரும்பி வந்து கொக்குக் கதை சொன்னால், "எந்த வயல்ல? என்ன மருந்து? நீ அந்தத் தண்ணியில எறங்கினியா?" என்று கட்டாயம் கேளுங்கள்.