எக்ஸ்ரே எடுப்பவரின் உடம்பை யார் பார்ப்பது?

புதுச்சேரி சின்ன ஊர், மருத்துவமனைகளோ பெரியவை. கோரிமேட்டில் ஜிப்மர், விக்டர் சிமோனல் வீதியில் அரசு பொது மருத்துவமனை, கதிர்காமத்தில் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி, ஊரைச் சுற்றித் தனியார் மருத்துவக் கல்லூரிகள், இவை போக ஸ்கேன் சென்டர்கள். விழுப்புரம், கடலூர், திண்டிவனம் பக்கத்து நோயாளிகள் காலை பஸ்ஸைப் பிடித்து இங்கே வந்து இறங்குகிறார்கள். எக்ஸ்ரேவோ சி.டி. ஸ்கேனோ அவர்களுக்குச் சில நிமிட வேலை. எடுக்கும் டெக்னீஷியனுக்கு அது வாழ்நாள் பிழைப்பு. இதயக் குழாய் அடைப்பைப் பார்க்கும் கேத் லேபில் டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கும் நர்ஸுக்கும், புற்றுநோய்ப் பிரிவில் கதிர்வீச்சு சிகிச்சை தருபவருக்கும் அப்படித்தான். இவர்களுடைய உடம்பை யார் பார்க்கிறார்கள்?

சட்டம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. 1962-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின் கீழ் 2004-ல் வந்த கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி, கதிர்வீச்சோடு வேலை செய்ய வரும் ஒவ்வொருவருக்கும் பணியில் சேரும்போதே மருத்துவப் பரிசோதனை கட்டாயம். அதற்கான மருத்துவரை நிர்வாகம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். அதன் பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதனை நடக்க வேண்டும்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒரு வரி இருக்கிறது. மூன்றாண்டுப் பரிசோதனை எல்லோருக்கும் கட்டாயமில்லை. ‘வகைப்படுத்தப்பட்ட பணியாளர்’ என்று நிர்வாகம் குறித்தவருக்கு மட்டுமே கட்டாயம். ஆண்டுச் சராசரி வரம்பில் பத்தில் மூன்று பங்குக்கு மேல் கதிர்வீச்சு பட வாய்ப்புள்ளவரே அந்த வகையில் வருவார். இந்தியாவில் ஐந்தாண்டுச் சராசரி வரம்பு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஆக, 6 மில்லிசீவர்ட்தான் அந்தக் கோடு. ஒருவர் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதற்கு, வேலையில் சேர்ந்த பிறகு கையில் இருக்கும் முக்கியமான சாட்சி, பட்ட கதிர்வீச்சை அளக்க அவர் அணியும் டி.எல்.டி. பேட்ஜ்.

மூன்று வில்லைகள்

டி.எல்.டி. பேட்ஜ் சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் கூடு. உள்ளே ஓர் அலுமினியத் தகடு. அதில் காசைவிடச் சிறிய மூன்று வட்ட வில்லைகள். டிஸ்புரோசியம் சிறிதளவு கலந்த கால்சியம் சல்பேட்டால் ஆனவை. ஒரு வில்லைக்கு மேல் உலோகத் தடுப்பு, இன்னொன்றுக்கு மேல் பிளாஸ்டிக் தடுப்பு, மூன்றாவது திறந்தபடி. மூன்றிலும் பதிந்திருப்பதை ஒப்பிட்டு, எந்த வகைக் கதிர் எவ்வளவு பட்டது என்று கணக்கிடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்குப் போகும் பேட்ஜைச் சூடாக்கினால் வில்லைகள் ஒளிரும். பட்ட கதிர்வீச்சுக்கு ஏற்ப ஒளி கூடும்.

இதை ஈய ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் அணிய வேண்டும். மேஜை டிராயரில் கிடக்கும் பேட்ஜ், டிராயர் வாங்கிய கதிர்வீச்சைத்தான் சொல்லும். தாளில் அளவு சுழியம் என்று வரும். சுழியம் வாங்கியவரை யாரும் 6 மில்லிசீவர்ட் கோட்டுக்கு மேல் வைக்க மாட்டார்கள். மூன்றாண்டுப் பரிசோதனை கேட்கும் உரிமையும் அத்தோடு போய்விடும். பேட்ஜை அணியாதவர் தன் உரிமைக்கான சாட்சியைத் தானே அழிக்கிறார். பேட்ஜே தராத நிர்வாகம் அந்தச் சாட்சி உருவாகவே விடுவதில்லை.

ரத்தம் எதைச் சொல்லும்?

பரிசோதனையில் மருத்துவர் பார்ப்பவை எளிமையானவை: ரத்த அணுக்களின் எண்ணிக்கை, தோல், கண் வில்லை, பழைய நோய்கள், முன்பு செய்த வேலை. ஏன் ரத்தம்? பிரான்சின் ஜான் பெர்கோனியேவும் லூயி திரிபோந்தோவும் 1906-லேயே காரணத்தைக் கண்டு சொன்னார்கள்: வேகமாகப் பிரிந்து பெருகும் உயிரணுக்களையே கதிர்வீச்சு முதலில் தாக்கும். எலும்பு மஜ்ஜை அப்படிப்பட்டது. அந்த பெர்கோனியே கதிர்வீச்சுக் காயங்களால் ஒரு கையை இழந்து 1925-ல் இறந்தார். 1934-ல் மேரி கியூரியின் உயிரைப் பறித்ததும் மஜ்ஜை செயலிழந்த ரத்த நோய்தான்.

ஆனால் இந்தச் சோதனையின் எல்லையையும் பணியாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒழுங்காக நடக்கும் எக்ஸ்ரே அறையில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிசீவர்ட்டைத் தாண்டுவது அரிது. அந்த அளவு ரத்த அணுக்களின் எண்ணிக்கையில் தெரியாது. குரோமோசோம் முறிவுகளை எண்ணும் சோதனைகூட ஏறத்தாழ 100 மில்லிசீவர்ட்டுக்கு மேல்தான் உறுதியாகப் பேசும். ஆகவே ரத்தச் சோதனை நார்மல் என்றால் கதிர்வீச்சே படவில்லை என்று பொருளாகாது. அளவைச் சொல்வது பேட்ஜ். இந்த வேலைக்கு உடம்பு ஏற்றதா என்று சொல்வது பரிசோதனை. மருத்துவரின் மேஜையில் இரண்டு தாள்களும் ஒன்றாக இருந்தால்தான் பயன்.

அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை நோக்கிப் போகும் வழியில் இருக்கிறது கல்பாக்கம். அங்குள்ள அணு எரிபொருள் மறுசுழற்சி ஆலையில் 2003 ஜனவரி 21 அன்று ஒரு வால்வு பழுதாகி, கடுங்கதிர்வீச்சுக் கழிவு வரக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டது. அதை எச்சரிக்கும் கருவி அங்கே இல்லை. மாதிரி எடுக்கப் போன இடத்தில் ஆறு பணியாளர்களுக்கு 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரை பட்டது. ஐந்தாண்டுக்கான மொத்த வரம்பே 100 தான். அளவு மீறியவர்களுக்குச் சிறப்புச் சோதனைகள் செய்ய வேண்டும் என்று 2004 விதிகள் தனியாகச் சொல்கின்றன.

கேத் லேபில் கவலை வேறு. அங்கே நோயாளியின் உடம்பிலிருந்து சிதறும் கதிர் முகத்துக்கு நேராக வருகிறது. கண்புரை பற்றிய புதிய சான்றுகளைப் பார்த்து, சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2011-ல் கண் வில்லைக்கான ஆண்டு வரம்பை 150-லிருந்து சராசரி 20 மில்லிசீவர்ட்டாகக் குறைக்கப் பரிந்துரைத்தது. ஆகவே ஈயக் கண்ணாடியும் கண் பரிசோதனையும் அங்கே அவசியத் தேவைகள். கருவுற்ற பெண் பணியாளருக்கு ஆலோசனை தர வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட். தாமதிக்காமல் நிர்வாகத்திடம் சொல்வதே பிள்ளைக்குப் பாதுகாப்பு. சொன்னதற்காக அவருடைய வேலைக்கு ஆபத்து வரக் கூடாது.

பாலும் முட்டையும் கதிர்வீச்சை முறிக்கும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படையில்லை. அலவன்ஸோ கூடுதல் விடுப்போ பாதுகாப்புக்கு மாற்றாகாது என்று சர்வதேச அணுசக்தி முகமையின் தரவிதிகளே சொல்கின்றன.

கேட்டு வாங்குங்கள்

கதிர்வீச்சால் வரும் புற்றுநோய் வெளித்தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம். அதனால்தான் பணியாளரின் கதிர்வீச்சுப் பதிவேடுகளை அவருக்கு 75 வயது ஆகும் வரையிலும், வேலையை விட்டு 30 ஆண்டுக்குக் குறையாமலும் வைத்திருக்கச் சொல்கின்றன அதே தரவிதிகள். ஸ்கேன் சென்டர் மாறும் இளைஞர்களிடம் இந்தத் தாள்கள் இல்லாவிட்டால், நாளைக்கு ஒரு நோய் வந்தால் பேச ஆதாரம் இருக்காது.

நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள்: தற்காலிகப் பணியாளர், பயிற்சி மாணவர் உட்பட எல்லோருக்கும் முதல் நாளே பேட்ஜ் கொடுங்கள், அவர்களையும் மருத்துவரிடம் அனுப்புங்கள். கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் மூன்றாண்டுப் பரிசோதனை செய்வதை எந்த விதியும் தடுக்கவில்லை, செலவும் பெரிதல்ல.

பணியாளர்களே, உங்கள் மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். போன காலாண்டில் எனக்குப் பட்ட அளவு எவ்வளவு? நான் வகைப்படுத்தப்பட்ட பணியாளரா? கடைசியாக எனக்குப் பரிசோதனை நடந்தது எப்போது? பதிலை எழுத்தில் வாங்கி, நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.