எழுப்பிவிடும் கட்டில்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் முன்பெல்லாம் வயசாளிகளுக்கு என்றால் நார்க்கட்டில்தான். பனைமட்டையிலிருந்து உரித்து ஊறவைத்த நாரை, வேம்பிலோ பூவரசிலோ செய்த சட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருப்பார்கள். மேலே ஒரு பழைய சேலை, தலைக்கு இலவம்பஞ்சுத் தலையணை. அடியிலிருந்து காற்று ஏறுவதால் முதுகு புழுங்காது. நாள்பட நார் தொய்ந்து நடுவில் தொட்டில் போலக் குழிந்துவிடும். அப்புறம் அவிழ்த்து இழுத்துக் கட்டவேண்டும்.

அதில் படுக்கச் சுகம், எழுந்திருக்கத்தான் பாடு. குழிக்குள் இடுப்பு இறங்கி, முழங்கால் மேலே நிற்கும். எண்பது வயதில் அங்கிருந்து தன்னால் எழுந்துகொள்வது நடக்கிற காரியமில்லை. ஆனாலும் அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. தாத்தா “ஏலே” என்று ஒரு குரல் கொடுத்தால் கைத்தாங்கலாகத் தூக்க யாராவது வருவார்கள். நடை அடியோடு நின்றவர்களைப் புரட்டிவிட்டார்கள், துடைத்துவிட்டார்கள், வாழையிலை விரித்துப் படுக்கவைத்தார்கள். யாருடைய கைகள்? பெரும்பாலும் மருமகளுடையவை. அவள் இடுப்பு என்ன ஆனது என்று எவரும் கேட்டதில்லை. அதனால் அந்தக் காலத்தை மெச்ச எனக்கு மனசு வருவதில்லை. இத்தனை கை இருந்தும் படுக்கைப்புண் வந்தது, அதிலேயே போனவர்களும் உண்டு.

இன்று வீட்டில் அம்மா மட்டும் இருக்கிறார், மிஞ்சிப்போனால் பகலில் வந்துபோகும் ஓர் உதவியாள். தூக்க ஆள் இல்லாத வீட்டில் அந்த வேலையையும் கட்டில்தான் பார்த்தாகவேண்டும். பெங்களூரிலும் டல்லாஸிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு இது தோன்றுவதில்லை. “அம்மாவுக்கு மெத்துமெத்துனு இருக்கட்டும்” என்று பத்து அங்குல மெமரி ஃபோம் மெத்தையை ஆன்லைனில் அனுப்பிவிடுகிறார்கள். 1960களில் விமான இருக்கைகளுக்காக நாசா ஆராய்ச்சியில் பிறந்த பொருள் அது. உடம்புச் சூட்டில் இளகி அமுங்கும். புரளத் தெம்பில்லாதவர் அதற்குள் புதைந்து, பக்கம் திரும்பவே திணறுவார். நம் வெயிலுக்குப் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு மெத்தைக் கடையில் பார்த்தேன். வயசான ஓர் அம்மாவிடம் விற்பனைப் பையன் “படுத்துப் பாருங்கம்மா, பஞ்சு மாதிரி இருக்கும்” என்கிறான். அந்த அம்மா விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டார். “படுக்கிறது கிடக்கட்டும் தம்பி. காலு தரையில படலையே?” அந்த ஒரு கேள்வியில் எல்லாம் அடக்கம். உட்கார்ந்தால் பாதம் முழுசாகத் தரையில் பதியவேண்டும், இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயர்ந்திருந்தால் இன்னும் நல்லது. அனேகம் பேருக்குக் கட்டிலின் உயரம் மெத்தையோடு சேர்த்து 16 முதல் 20 அங்குலத்துக்குள் வரும். மெத்தையின் விளிம்பு கெட்டியாக இருக்கவேண்டும். அமுங்கினால் எழும்போது வழுக்கிவிடும்.

எழவே முடியாதவர்களுக்கு இப்போது ஃபவ்லர் கட்டில் வாடகைக்குக் கிடைக்கிறது. ஃபவ்லர் என்பவர் நியூயார்க்கின் அறுவை மருத்துவர். வயிற்றுக்குள் சீழ் பிடித்தவர்களைச் சாய்த்து உட்காரவைக்கும் முறையை 1900இல் எழுதிவைத்தார். கட்டிலுக்கு அவர் பேர் நிலைத்துவிட்டது. கால்மாட்டில் இரண்டு கைப்பிடிகள் இருக்கும். ஒன்று தலைப்பக்கத்தைத் தூக்கும், மற்றது முழங்கால் பக்கத்தை. முதலில் முழங்காலைக் கொஞ்சம் உயர்த்திவிட்டுத்தான் தலையை உயர்த்தவேண்டும். மாற்றிச் செய்தால் உடம்பு கீழே சறுக்கும், வால் எலும்பு மேலுள்ள தோல் உரசி இழுபடும், புண் அங்கேதான் தொடங்கும். சாப்பாட்டு நேரம் போக மற்ற நேரத்தில் ரொம்ப நிமிர்த்தி வைக்காமலிருப்பது நல்லது.

படுக்கைப்புண் வராமலிருக்க ஏர் பெட் போட்டாயிற்று, இனிப் புரட்டவேண்டாம் என்றொரு நினைப்பு இருக்கிறது. அதன் அறைகள் மாறிமாறிக் காற்று நிரம்பி வடிவதால் ஒரே இடத்தில் அழுத்தம் நிற்காது, அவ்வளவுதான். இரண்டு மணிக்கொரு தரம் பக்கம் மாற்றும் வேலை ஓயாது. மேலே ரப்பர் ஷீட்டும் தடித்த போர்வையும் அடுக்கினால் வாங்கிய பலனும் போச்சு. மின்தடை உள்ள ஊரில் பம்பை இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் மேலே, படுப்பவர் சம்மதிக்கவேண்டும். உயிர் பிரியும் வேளையில் கட்டிலிலிருந்து தரைக்கு இறக்கும் வழக்கம் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. கட்டில் மாற்றுவதே அவர்களுக்குச் சகுனமாகப் படலாம். இரும்புக் கம்பி வைத்த கட்டில் என்றால் “என்ன, ஆஸ்பத்திரியில போட்டுட்டீங்களா?” என்பார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா மாதக்கணக்கில் பிடிவாதமாக மறுத்தார். மகள் கடைசியில், “விலைக்கு இல்லம்மா, மாச வாடகைதான்” என்றாள்.

“அப்போ திருப்பிக் கொடுத்துடலாம்ல?” என்றார். “சரி, கொண்டாரச் சொல்லு. ஜன்னலோரமா போடச் சொல்லு.”