உங்களுக்குத் தெரியுமா? இருட்டில் பிறக்கும் ஆக்சிஜன்!

ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் நடுவே, பசிபிக் பெருங்கடலில் சுமார் 4,000 மீட்டர் ஆழம். சூரிய ஒளி எட்டவே எட்டாது. அங்கே கடல்தரையில் உருளைக்கிழங்கு பருமனில் கறுத்த உருண்டைகள் இறைந்து கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், தாமிரம் அடங்கிய இவை, பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும்.

2013-இல் ஆண்ட்ரூ ஸ்வீட்மேன் என்ற ஆய்வாளர் மூடிய கலன் ஒன்றைத் தரையில் பதித்து ஆக்சிஜனை அளந்தார். அங்குள்ள உயிரினங்கள் சுவாசிப்பதால் அளவு இறங்க வேண்டும். ஏறியது!

கருவியில் கோளாறு என்றே முதலில் நினைத்தார். வேறு முறையில் சோதித்தபோதும் அதே முடிவு. 2024 ஜூலையில் ‘நேச்சர் ஜியோசயின்ஸ்’ இதழில் ஆய்வு வெளியானது. சூட்டிய பெயர், ‘இருண்ட ஆக்சிஜன்’.

உருண்டைகளின் மேற்பரப்பில் 0.95 வோல்ட் வரை மின்னழுத்தம் பதிவானது. பல உருண்டைகள் சேர்ந்தால் கடல்நீரைப் பிரித்து ஆக்சிஜனை வெளியேற்றும் அளவுக்கு மின்சாரம் கிடைக்கலாம் என்பது ஆய்வுக் குழுவின் ஊகம். மறுப்பவர்களோ, தண்ணீரைப் பிரிக்கக் கொள்கையளவிலேயே 1.23 வோல்ட் வேண்டும் என்கிறார்கள். கலனுக்குள் சிக்கிய காற்றுக்குமிழிகள்தான் கணக்கைக் குழப்பின என்பது அவர்கள் வாதம். ஆய்வுக்கு ஓரளவு நிதி தந்த ‘தி மெட்டல்ஸ் கம்பெனி’ என்ற சுரங்க நிறுவனமே முடிவை ஏற்கவில்லை.

இந்தியாவுக்கும் இதில் அக்கறை உண்டு. இந்தியப் பெருங்கடலின் நடுப்பகுதியில் 75,000 சதுர கிலோமீட்டரில் இத்தகைய உருண்டைகளை ஆராயும் உரிமை நம்மிடம் இருக்கிறது. மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கும் ‘மத்ஸ்யா 6000’ நீர்மூழ்கியை உருவாக்குவது சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம்.