டவுன் ஹாலில் கேட்ட நிலம்

செங்கல்பட்டிலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறி, பூங்கா நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால், ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் செங்கல் நிறத்தில் ஒரு பழைய கட்டடம் தெரியும். வேலைக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, சென்ட்ரலில் ரயில் பிடிக்கவோ ஓடுகிற அவசரத்தில் நம்மில் பலர் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. விக்டோரியா பப்ளிக் ஹால் என்பது அதன் பெயர். அந்தக் காலத்தில் டவுன் ஹால் என்றார்கள். நம் மாவட்டத்துச் சேரி மக்களின் நிலக் கோரிக்கைக்கும் அந்த மண்டபத்துக்கும் உறவு உண்டு.

சென்னைக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று நகரப் பிரமுகர்கள் முயன்று, 1883-ல் விஜயநகரம் அரசர் ஆனந்த கஜபதி அடிக்கல் நாட்டினார். ராபர்ட் சிஷோம் வரைபடம் தர, நம்பெருமாள் செட்டி கட்டினார். விக்டோரியா அரசி அரியணை ஏறிய பொன்விழாவின் நினைவாக அரசியின் பெயரை வைத்தார்கள். சுகுண விலாச சபை பல ஆண்டுகள் அங்கே நாடகம் போட்டது. அந்தச் சபையை நடத்திய சம்பந்த முதலியாரின் பெயரோடு ஒட்டியிருக்கும் பம்மல், இன்று நம் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கிறது. வக்கீல்களும் அதிகாரிகளும் வேஷம் கட்டி நடித்த மேடை அது. சென்னைவாசிகள் சலனப் படத்தை முதன்முதலில் பார்த்த இடங்களில் அதுவும் ஒன்று. விவேகானந்தர் பேசியதும் அங்கேதான். மண்டபத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இவற்றையெல்லாம் தவறாமல் சொல்கிறார்கள். 1892-ல் அங்கே நடந்த ஒரு கூட்டத்தைச் சொல்பவர்கள் குறைவு.

அந்த ஆண்டு சென்னை மகாஜன சபையின் கூட்டம் அங்கே கூடியது. நீலகிரியின் பிரதிநிதியாக அயோத்திதாசப் பண்டிதர் போயிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் ஊட்டியில் திராவிட மகாஜன சபையைத் தொடங்கியிருந்தார். கூட்டத்தில் எழுந்த அவர், சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் எங்கள் மக்கள் நுழைவதற்கு ஏன் தடை என்று கேட்டார். உங்கள் குலத்துக்கு மதுரை வீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்களே, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்லர் என்று பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பண்டிதர் அடுத்த கோரிக்கைக்குப் போனார். எங்கள் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடம் வேண்டும். கிராமங்களில் கிடக்கும் தரிசு நிலத்தை எங்கள் மக்களுக்குக் கொடுங்கள் என்றார். இதை அவரே பின்னாளில் தம்முடைய 'தமிழன்' இதழில் எழுதி வைத்ததால்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

பண்டிதர் தரிசு நிலம் கேட்டதற்கு உடனடிக் காரணம் இருந்தது. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ஜேம்ஸ் திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பியிருந்தார். கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் படியாளாகக் கிடப்பது, குடியிருக்கும் மனை கூட மிராசுதாரர் கையில் இருப்பது, தரிசு நிலத்துக்கு மனுப் போட்டாலும் மிராசு உரிமை குறுக்கே நிற்பது எல்லாம் அதில் இருந்தன. 1892 செப்டம்பர் 30-ல் சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்தது. அதன் வழியாக நம்மவர்களுக்கு ஒதுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். பதிவேடுகளில் டி.சி. நிலம் என்று இருக்கும். பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. ஆணை வந்தது பண்டிதரின் பேச்சால் மட்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நிலம் அரசு தானாக இரங்கிப் போட்ட பிச்சை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். நம்மவர் ஒருவர் நகரத்துப் பெரிய மனிதர்கள் நடுவே எழுந்து நின்று கேட்டிருக்கிறார்.

அந்த நிலம் பிறகு என்ன ஆனது என்பதைக் காரணையிடம் கேட்க வேண்டும். மாமல்லபுரத்துக்கு அருகே உள்ள அந்தக் கிராமத்து மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடினார்கள். நிலத்தில் வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போராடியவர்கள் மீது போலீசார் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர். பண்டிதர் டவுன் ஹாலில் நிலம் கேட்டு அப்போது நூற்றிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்த மண்டபத்தைச் சென்னை மாநகராட்சி பெரும் பொருட்செலவில் புதுப்பிக்க முன்வந்ததை நாம் வரவேற்கிறோம். கூரையும் தூணும் மீள்வதோடு அதன் வரலாறும் முழுதாக மீள வேண்டும். நாடகம் போட்டவர்களுக்கும் படம் காட்டியவர்களுக்கும் அங்கே இடம் கொடுக்கிறபோது, நிலம் கேட்டவருக்கும் ஒரு பலகை வைக்க வேண்டும். பெயரிலேயே 'பொது' என்று எழுதிக்கொண்ட மண்டபம் அது.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. ஊருக்கு நான்கு இளைஞர்கள் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுக் கொடுத்து, யு.டி.ஆருக்கு முந்தைய பழைய நிலப் பதிவேடுகளின் நகலை வாங்குங்கள். டி.சி. என்று குறித்த சர்வே எண்களை எழுதி எடுங்கள். இன்று அந்த எண்ணில் யார் பெயரில் பட்டா ஓடுகிறது என்று பாருங்கள். அடுத்த முறை பூங்கா நிலையத்தில் இறங்கும்போது, அந்தச் செங்கல் கட்டடத்தைப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.