மெலிந்த கையும் சுழலும் பந்தும்

அமெரிக்கர் விரும்பி ஆடும் பேஸ்பால் ஆட்டத்தில் எறிவீரர் முழங்கையை மடக்கி நீட்டிப் பந்தை எறிகிறார். பந்து தரையைத் தொடாமல் மட்டையாளரை நோக்கி விரைகிறது. கிரிக்கெட்டில் அவ்வாறு எறிதல் விதிக்குப் புறம்பானது. பந்து பெரும்பாலும் தரையில் பட்டு எழுந்தே மட்டையாளரை அடைகிறது. ஆட்டங்கள் வேறாயினும் இரண்டிலும் கையும் மணிக்கட்டும் விரல்களுமே வீரரின் கருவிகள். அக்கருவியே பழுதுபட்டால் வீரர் என்ன செய்வார்?

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1876ஆம் ஆண்டு பிறந்தவர் மார்டெகாய் பிரவுன். அவர் சிறுவயதில் பண்ணை இயந்திரத்தில் சிக்கி வலக்கை ஆள்காட்டி விரலின் பெரும்பகுதியை இழந்தார். ஆயினும் அக்கையாலேயே எறியப் பழகினார். சிதைந்த விரல்களிலிருந்து புறப்பட்ட பந்து, பிறர் எறியும் பந்தைப் போலன்றி வளைந்து தாழ்ந்தது. சிகாகோ கப்ஸ் அணி 1907, 1908 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடரை வென்றபோது அவர் அதன் சிறந்த எறிவீரராக விளங்கினார்.

இதனை ஒத்த வரலாறு நம் பெங்களூரு நகருக்கும் உண்டு. பி. எஸ். சந்திரசேகர் 1945 மே 17 அன்று மைசூரில் பிறந்தார். ஏறத்தாழ ஆறு வயதில் அவரை இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோ நோய் தாக்கியது. அக்காலத்தில் அந்நோய்க்குத் தடுப்பு மருந்து இல்லை. நோய் நீங்கியபோதும் வலக்கை மெலிந்தே இருந்தது. பின்னர் அவர் குடும்பம் பெங்களூருவில் குடியேறியது. அந்நகரத் தெருக்களில் ஆடத் தொடங்கிய சிறுவர், சிட்டி கிரிக்கெட்டர்ஸ் சங்கத்தில் சேர்ந்து சுழற்பந்து வீச்சாளர் ஆனார்.

களத்தில் பந்தைத் தடுத்துத் திருப்பி எறிவதற்கு அவர் இடக்கையைப் பயன்படுத்தினார். பந்து வீசுவதற்கோ மெலிந்த வலக்கையையே தேர்ந்தார். அக்கை சாட்டையைப் போல் விரைந்து சுழன்றது. பொதுவாகச் சுழற்பந்து மெதுவாக வரும். மட்டையாளர் அதன் போக்கைக் கணித்து ஆட நேரம் கிடைக்கும். சந்திரசேகரின் பந்தோ மிதவேகப் பந்தைப் போல் விரைந்து வந்தது. வழக்கமான திசைக்கு எதிராகத் திரும்பும் 'கூக்ளி' என்னும் பந்தையும் அவர் அதே வேகத்தில் வீசினார். பந்து எப்பக்கம் திரும்பும் என்று அறியுமுன்பே அது மட்டையாளரைக் கடந்துவிடும்.

அவர் 1964 ஜனவரியில், பதினெட்டாம் வயதில், இங்கிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்ட் போட்டியில் ஆடினார். எனினும் அவர் பாதை நேரானதாக அமையவில்லை. காயம் முதலிய காரணங்களால் 1968க்குப் பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இந்திய அணியில் அவர் இடம்பெறவில்லை. 1971ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்திற்கு அவர் மீண்டும் அழைக்கப்பட்டார்.

அப்பயணத்தின் இறுதி டெஸ்ட் போட்டி லண்டன் ஓவல் திடலில் நடைபெற்றது. முதல் இன்னிங்சில் இந்தியா 71 ஓட்டங்கள் பின்தங்கியது. இரண்டாம் இன்னிங்சில் சந்திரசேகர் 38 ஓட்டங்கள் மட்டுமே கொடுத்து ஆறு விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவற்றுள் ஒன்று, சென்னையைச் சேர்ந்த வெங்கடராகவன் பிடித்த பந்தால் கிடைத்தது. இங்கிலாந்து அணி 101 ஓட்டங்களில் சுருண்டது. ஆகஸ்டு 24 அன்று இந்தியா வென்றது. இங்கிலாந்து மண்ணில் இந்தியா பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அதுவே. மறு ஆண்டு இந்திய அரசு சந்திரசேகருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

1977 டிசம்பர் இறுதியில் தொடங்கிய மெல்போர்ன் போட்டியில் இரு இன்னிங்சிலும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு விக்கெட்டுகளை அவர் எடுத்தார். ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றிக்கு அது வழிவகுத்தது.

58 டெஸ்ட் போட்டிகளில் சந்திரசேகர் வீழ்த்திய விக்கெட்டுகள் 242. மட்டை பிடித்து எடுத்த ஓட்டங்கள் 167 மட்டுமே. எடுத்த ஓட்டங்களைவிட வீழ்த்திய விக்கெட்டுகள் மிகுதி! எல்லாத் துறையிலும் அவர் சிறந்தவர் அல்லர். தமக்கு இயன்ற ஒன்றைத் தேர்ந்து அதில் ஈடிணையற்றவர் ஆனார்.

இந்தியா 2014ஆம் ஆண்டு போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. சந்திரசேகர் பட்ட துன்பம் இன்றைய குழந்தைகளுக்கு வாராதவாறு சொட்டு மருந்து காக்கிறது. நோய் ஒருபோதும் நன்மை அன்று. அந்நோய் விட்டுச்சென்ற கையைக் கொண்டு என்ன செய்யலாம் என்று ஆராய்ந்து, அயராது பயின்றதே அவர் பெருமை.

சிந்தித்து விடை எழுதுக:
1. பேஸ்பால் எறிவீரருக்கும் கிரிக்கெட் பந்துவீச்சாளருக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
2. சந்திரசேகரின் பந்தைக் கணித்து ஆடுவது ஏன் கடினமாக இருந்தது?
3. பிரவுன், சந்திரசேகர் ஆகிய இருவருக்கும் உள்ள ஒற்றுமையை ஐந்து வரிகளில் எழுதுக.